பாபநாசத்தில் வண்டியைத் திருப்பிய கதை

அன்புள்ள சேகர்,

இரண்டு மாதமாக உன் போனை எடுக்கவில்லை. கோபம் என்று நினைத்திருப்பாய். கோபம் இல்லை, வெட்கம். வாயால் சொன்னால் நடுவில் சிரித்துக் கெடுத்துவிடுவாய் என்றுதான் எழுதுகிறேன். கமலாவின் முழங்கால் தேவலையா? இங்கே எல்லோரும் நலம். உன் தங்கை மட்டும் என்னோடு அளவாகப் பேசுகிறாள்.

உன் மகள் கல்யாணத்துக்கு நாங்கள் கிளம்பாமல் இல்லை. விடியற்காலை நான்கு மணிக்கே கும்பகோணத்தை விட்டாயிற்று. உன் தங்கை பட்டுப்புடவையில், பின் சீட்டில் போர்வை சுற்றிய குத்துவிளக்கு. பாபநாசம் நெருங்கும்போது டாஷ்போர்டில் அந்தச் சிவப்பு பேட்டரி விளக்கைப் பார்த்தேன். பளிச்சென்று எரியவில்லை, ஊதுவத்தி நுனி மாதிரி மங்கலாக ஒரு கனல். சார்ஜ் ஏறவில்லை, ஹெட்லைட் வேறு போட்டிருக்கிறோம், திருச்சி வருவதற்குள் இருட்டில் நின்றுவிடும் என்று கணக்குப் போட்டேன். பானெட்டைத் திறந்து அரைமணி முழித்துவிட்டுத் திருப்பிவிட்டேன். வீட்டு வாசலில் ஹெட்லைட்டை அணைத்தேன், சிவப்பு விளக்கும் அணைந்தது. அங்கேயே உறைத்திருக்க வேண்டும். பஸ்ஸில் வந்திருக்கலாமே என்பாய். அதைத்தான் உன் தங்கை இன்றுவரை கேட்கிறாள்.

பிறகு நடந்தது கூத்து. பேட்டரி போய்விட்டது என்றார் மெக்கானிக். நாலாயிரத்துச் சொச்சம் கொடுத்தேன், கனல் அப்படியே இருந்தது. பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றுகிற ஆல்டர்னேட்டருக்குள்ளே உரசும் கார்பன் பிரஷ்ஷை மாற்றினார். பெல்ட்டை இறுக்கினார், கீச்சிடுவது நின்றது, கனல் நிற்கவில்லை. ஆல்டர்னேட்டரையே மாற்றிவிடலாம் என்றார். வண்டியையே மாற்றிவிடலாம் என்றான் என் பிள்ளை. வீம்புக்கு, வோல்ட் அளக்க ஒரு மல்டிமீட்டர் வாங்கிவந்தேன். என்ஜின் ஓடாதபோது பேட்டரியில் 12.6 வோல்ட். ஓடும்போது 14.1. ஹெட்லைட்டும் ஃபேனும் போட்டால் 13.9. சார்ஜ் ஜம்மென்று ஏறுகிறது! பிறகு எதற்கு இந்தக் கனல்?

அன்று ராத்திரி தூக்கத்தில், மின்தடை அளக்க நாம் லேபில் செய்த வீட்ஸ்டன் பாலம் வந்தது. முள் அசையாமல் இருக்க நீ மேசையை அழுத்திப் பிடித்துக்கொள்வாயே, அதேதான். இரண்டு பக்கமும் வோல்ட் சமமென்றால் நடுவில் மின்சாரம் ஓடாது. இந்த விளக்குக்கு ஒரு முனை சாவி வழியாக வரும் கம்பியில், மறுமுனை ஆல்டர்னேட்டரில். என்ஜின் ஓடத் தொடங்கினால் இரண்டும் சமமாகி அணைந்துவிடும். ஆல்டர்னேட்டர் பக்கம் குறைந்தால் எரியும். சாவிப் பக்கம் குறைந்தாலும் எரியும்! பேட்டரி படத்தை அதன்மேல் வரைந்து வைத்தவன் கையில் கிடைக்க வேண்டும். நாங்கள் எல்லோரும் ஒரே பக்கத்தைக் கட்டிக்கொண்டு அழுதிருக்கிறோம்.

விடிந்ததும் என்ஜினை ஓடவிட்டு, ஹெட்லைட்டும் போட்டு, சாவிக் கம்பியில் மீட்டரை வைத்தேன். வெறும் 12.0. இரண்டு வோல்ட் வழியில் எங்கோ தொலைகிறது. கம்பியோடு கையைக் கொண்டுபோனேன். ஃப்யூஸ் பெட்டிக்குப் பின்னால் ஒரு கனெக்டர், தொட்டதும் விரல் சுட்டது. ஆறவிட்டுக் கழற்றினால், உள்ளே பச்சைக் களிம்பு. பிளாஸ்டிக் உருகிப் பழுப்பேறி, கருகிய பாயசம் மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது.

சேகர், இதை விளையாட்டாகச் சொல்லவில்லை. பதினைந்து ஆம்பியர் ஓடினால் இரண்டு வோல்ட்டுக்கு முப்பது வாட் சூடு. ஒரு சால்டரிங் அயர்னை அங்கே செருகிவைத்துக்கொண்டு, பக்கத்தில் பட்டுப்புடவையை உட்காரவைத்து ஓட்டியிருக்கிறேன். நான் தப்பான காரணத்துக்குத் திரும்பினேன். திரும்பாமல் இருந்தால் என்னவாகியிருக்கும் என்று உன் தங்கையிடம் இன்னும் சொல்லவில்லை. நீயும் உளறிவிடாதே.

முப்பது ரூபாய் டெர்மினல், ஒரு துண்டு உப்புத்தாள், கம்பியில் கருகிய பாகத்தை வெட்டிவிட்டுப் புதுத் துண்டு. இப்போது சாவிப் பக்கம் 13.7. இருட்டில் எல்லாவற்றையும் போட்டுவிட்டு உட்கார்ந்து பார்த்தேன். கனல் இல்லை. பழைய பேட்டரியை மெக்கானிக் எடைக்குப் போட்டுவிட்டார், அது நன்றாகத்தான் இருந்திருக்கும்.

ஒரே பெண் கல்யாணம். பந்தலில் நீ என்னைத் தேடியிருப்பாய். அதற்கு எந்த மீட்டரை வைத்துச் சமாதானம் சொல்வது? ஞாயிற்றுக்கிழமை வருகிறோம். அதே நான்கு மணி, அதே வழி. குத்துவிளக்கை நான் பின் சீட்டிலிருந்து இன்னும் இறக்கவில்லை.

உன்,
ராமு