கழுதைக் கதை

அன்பு மகனுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே பரோடாவில் எல்லோரும் சௌக்கியம். தீபாவளிக்குப் பிறகு உன் குரலைக் கேட்கவில்லை. செய்தி அனுப்பினால் நீல டிக் வருகிறது, பதில் வருவதில்லை. ஒரு நிமிஷம் பேச முடியாத அளவுக்கு என்ன வேலை? அம்மா ஒன்றும் சொல்வதில்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம் மட்டும் போனைக் கையிலேயே வைத்திருக்கிறாள். டர்பன்டைன் வாசத்தோடு படுக்காதே. குளிராக இருந்தாலும் ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வை.

நீ வரைந்து அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மேசையில் நீ, எதிரே உன்னோடு தங்கியிருக்கும் அந்தப் பிள்ளை, நடுவில் டம்ளரில் ஒரு பச்சைப் பூ. உன் காது அப்படியே தாத்தா காது. கை நன்றாக வந்திருக்கிறது. சின்ன வயதில் உனக்குக் கை மட்டும் வரவே வராது. ஆனால் பூ ஏன் பச்சை? மாடியில் குடியிருக்கும் பெண் நீ படித்த ஃபைன் ஆர்ட்ஸில்தான் படிக்கிறாள். அவளிடம் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தாள். “யார் வரைந்தது அங்கிள்?” என்று கேட்டாள். என் மகன் என்று சொன்னபோது எனக்குத் தொண்டை அடைத்தது.

அது பச்சை கார்னேஷனாம். 1892ல் லண்டனில் ஆஸ்கர் வைல்ட் என்ற எழுத்தாளரின் நாடகம் அரங்கேறிய இரவு, அவருடைய நண்பர்கள் கோட்டில் அதைச் செருகிக்கொண்டு வந்தார்களாம். தெரிந்தவர்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்கு வெறும் பூ என்றாள். மீதியை நானே தேடிப் படித்தேன். ஆண்களோடு உறவு வைத்திருந்தார் என்று 1895ல் அவருக்கு இரண்டு வருஷம் கடுங்காவல். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. காலம் மாறிவிட்டது, அந்த நாடும் மாறிவிட்டது, தெரியும். இருந்தாலும் ராத்திரியில் தனியாக பஸ்ஸில் வராதே. அந்தப் பிள்ளையையும் தனியாக வரவிடாதே.

2016ல் லண்டன் டேட் மாடர்ன் மியூசியத்தில் நம்மூர் ஓவியர் புபேன் கக்கர் கண்காட்சி பார்த்துவிட்டு, அவர் படம் போட்ட ஒரு தபால் அட்டை அனுப்பினாயே. பால்கனியில் உடுப்பில்லாமல் ஒருவர் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறார். எதிரே தெருவில் அப்பாவும் மகனும் ஒரு கழுதையும். பின்பக்கம் நீ எழுதியது ஒரே வரி: “கழுதைக் கதை, அப்பா.” எத்தனை ராத்திரி உனக்கு அந்தக் கதை சொல்லியிருக்கிறேன். ஆனால் அன்றைக்கு நான் பார்த்தது அந்த முதுகை மட்டும்தான். அம்மா வருவதற்குள் எல்ஐசி பேப்பருக்கு அடியில் வைத்துவிட்டேன். உனக்குப் பதிலும் போடவில்லை.

இப்போது அதை எடுத்து மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறேன். நிற்பது கக்கரேதானாம். தன் அம்மா இருந்தவரை வாய் திறக்காத மனிதர், அந்தம்மா போன பிறகுதான் இப்படி வரையத் துணிந்தாராம். 1934ல் பிறந்தவர், படம் 1981ல் வரைந்தது. எத்தனை வருஷம்! இந்த இடத்தில்தான் என் மனசு நின்றுவிடுகிறது. எனக்கு 68 ஆகிறது, அம்மாவுக்கு சுகர். நீ எதற்காகவும் காத்திருக்க வேண்டாம்.

அடுத்த வருஷம் அவர் காசியை வரைந்தார். இரண்டு ஆண்கள் கட்டிப்பிடித்து நிற்கிறார்கள். பார்க்க எனக்கு இன்னும் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் கங்கைக்கரையில், சாமி கும்பிடுகிறவர்களுக்குப் பக்கத்திலேயே அவர்களை நிறுத்தியிருக்கிறாரே, அதைப் பல நாள் யோசித்துக்கொண்டிருந்தேன்.

அவரும் என்னைப்போலக் கணக்கு படித்தவர். இதே ஊரில் பகலில் கணக்கு எழுதிக்கொண்டு படம் போட்டவர். 2003ல் அவர் இறந்த செய்தி வந்தபோது, ஆபீஸ் நண்பர்கள் நம் வீட்டு ஊஞ்சலில் உட்கார்ந்து அவரைப் பற்றி அசிங்கமாகப் பேசினார்கள். நான் சிரித்தேன். அவர்களைவிடச் சத்தமாகச் சிரித்தேன். நீ தரையில் குப்புறப்படுத்து வரைந்துகொண்டிருந்தாய். உனக்கு 12 வயது. ஸ்கெட்ச் பேனாக்களை ஒவ்வொன்றாக மூடி டப்பாவில் வைத்துவிட்டு உள்ளே போனாய். நீ போனதை நான் பார்த்தேன். பார்த்தும் நிறுத்தவில்லை. அதற்குப் பிறகு நீ என் கண் முன்னால் வரைந்ததே இல்லை. பையனுக்குப் படிப்பில் கவனம் வந்துவிட்டது என்று அம்மாவிடம் பெருமையாகச் சொன்னேன்.

நீ மறந்திருப்பாய் என்று பல வருஷம் என்னையே ஏமாற்றிக்கொண்டேன். மறந்திருக்க மாட்டாய். தப்பு என்னுடையது, தம்பி.

2018 செப்டம்பரில், ஆணும் ஆணும் விரும்பிச் சேர்வது குற்றமில்லை என்று 377 தீர்ப்பு வந்ததும் அம்மா அந்தப் பேப்பரை மடித்து பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் வைத்தாள். எதற்கென்று நான் கேட்கவில்லை. இன்னும் அங்கேதான் இருக்கிறது.

ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு வேலை செய். வெறும் வயிற்றோடு உட்காராதே. மாடிப் பெண்ணின் அண்ணன் 20ஆம் தேதி லண்டன் வருகிறார். பருப்புப்பொடியும் புளிக்காய்ச்சலும் கொடுத்துவிடுகிறோம். அந்தப் பிள்ளை எவ்வளவு காரம் சாப்பிடுவான் என்று அம்மா கேட்கச் சொன்னாள். நீ போன் பண்ணிச் சொன்னால்தான் அரைப்பாளாம்.

அப்பா