ரிப்பனுக்குத் தனி ஆம்ப்

அன்புள்ள சேகர்,

மேக்னபான் 3.6 ஸ்பீக்கரின் பாஸிவ் கிராஸ்ஓவரை (ஒலியை பாஸ், நடு, உச்சம் என்று பிரித்து அனுப்பும் காயில்-கெபாசிட்டர் சுற்றை) எடுத்துவிட்டு, அந்தப் பிரிப்பை டிஜிட்டலில் செய்து மூன்று ஆம்ப் போடப் போவதாக எழுதியிருந்தாய். நல்ல வேலை. ஆனால் பிரிப்பைச் செய்யும் டிஜிட்டல் கருவி (டிஎஸ்பி) மினிடிஎஸ்பி 2x4-இல் நான்கு அவுட்புட்தான். ஸ்டீரியோவில் மூன்று வழிக்கு ஆறு வேண்டும். அதை முதலில் பார்த்துக்கொள்.

பாஸிவை எல்லோரும் திட்டுவது ரிப்பன் (உச்ச ஒலி தரும் மெல்லிய ஃபாயில் பட்டை; இந்த ஸ்பீக்கரின் ட்வீட்டர் அதுதான்) விஷயத்தில் பாதிதான் நியாயம். கோன் ஸ்பீக்கரில் இம்பீடன்ஸ் (மின் தடை) அதிர்வெண்ணுக்கேற்ப ஏறி இறங்குவதால் ஃபில்டர் கணக்கு தப்பும். ரிப்பன் கிட்டத்தட்ட சுத்தமான ரெசிஸ்டர்; கணக்கு அப்படியே நிற்கும். நஷ்டம் பாஸ் பக்கம்: 4 ஓம் பேனலுக்கு முன்னால் 0.3 ஓம் காயில் இருந்தால் 0.6 டெசிபல் சூடாகவே போய்விடும்.

டிஜிட்டலின் பெரிய லாபம் டிலே: ஒரு பகுதியின் ஒலியைச் சற்றுத் தாமதித்து, எல்லாம் ஒரே நேரத்தில் காதுக்கு வரச் செய்யலாம். லிங்க்விட்ஸ்-ரைலி 24 (ஆக்டேவுக்கு 24 டெசிபல் வெட்டும் ஃபில்டர்) போட்டு, ட்வீட்டர் போலாரிட்டியை (பிளஸ்-மைனஸை) திருப்பி, மைக்கை ரிப்பனின் நடு உயரத்தில், நீ உட்காரும் தூரத்தில் வை. டிலேயை நகர்த்திக்கொண்டே வா (1 செ.மீ.க்கு 29 மைக்ரோசெகண்ட்). ரிப்பன் பிரியும் கிராஸ்ஓவர் புள்ளியில் (1700 ஹெர்ட்ஸ்) இரண்டு ஒலியும் ஒன்றையொன்று அழித்து, பள்ளம் எங்கே மிக ஆழமாக விழுகிறதோ, அதுதான் சரியான டிலே. 1700 ஹெர்ட்ஸில் ஒரு சுற்று 20 செ.மீ. என்பதால் ஒரு முழுச் சுற்று தள்ளியும் பள்ளம் விழும். டேப் வைத்து அளந்த தூரத்துக்குப் பக்கத்திலேயே தேடு. முடிந்ததும் போலாரிட்டியைப் பழையபடி மாற்றிவிடு.

பயப்பட வேண்டியது ஒன்றுதான். பாஸிவ் போனால் ரிப்பனுக்கு முன்னால் இருந்த கெபாசிட்டரும் போகிறது. ஆம்ப் ஆன் ஆகும்போது வரும் ஒரு 'டப்' போதும், சில மைக்ரான் ஃபாயில் கிழிந்துவிடும். ரிப்பன் 3 ஓம் என்றால் 100 மைக்ரோஃபாரட் பாலிப்ராப்பிலீனைத் தொடரில் போடு. 530 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டும். 1700-இல் 17 டிகிரி ஃபேஸ் நகர்வதால், டிலே அளக்கும்போதும் அது இருக்கட்டும். ஃப்யூஸையும் எடுக்காதே. முதல் ஓட்டத்தில் ரிப்பனுக்குப் பதில் ஒரு பழைய ஸ்பீக்கரை மாட்டி, ட்வீட்டர் சேனலில் பாஸ் வரவில்லை என்று உறுதி செய்துகொள். டிஎஸ்பி முதலில் ஆன், கடைசியில் ஆஃப்.

ட்வீட்டரில் 'உஸ்' கேட்டால் டிஎஸ்பி லெவலைக் குறைத்துப் பயனில்லை. அந்த இரைச்சல் டிஏசி-க்கு (டிஜிட்டலை அனலாக் ஆக்கும் பகுதிக்கு) பிறகு வருவது. ஆம்ப் இன்புட்டில் தொடரில் 6.8 கிலோஓம், கிரவுண்டுக்கு 3.3 கிலோஓம் போடு. சிக்னலோடு உஸ்ஸும் 10 டெசிபல் இறங்கும்.

கெபாசிட்டர் வாங்கும் முன் ரிப்பனை மீட்டரில் அளந்து எத்தனை ஓம் என்று எழுது. மதிப்பு அதற்கேற்ப மாறும்.

அன்புடன்,
ரவி