அமினோ பவுடரைப் பற்றிக் கேட்டாயே

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. இங்கே மகள் விடுதிக்குப் போய்விட்டாள், வீடு வெறிச்சென்று கிடக்கிறது. நீ முதல் 200 கிலோமீட்டர் பிஆர்எம்முக்கு, அதாவது நேர வரம்புள்ள நெடுந்தூர சைக்கிள் சவாரிக்குப் பெயர் கொடுத்ததைப் படித்ததும் வீட்டில் உரக்கச் சொல்லிவிட்டேன். பதின்மூன்றரை மணி நேரம் உனக்குத் தாராளம்.

அசதி தெரியாமல் ஓட்ட பிசிஏஏ டப்பா, அதாவது மூன்று அமினோ அமிலங்கள் கலந்த பவுடர், வாங்கலாமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம். போன ஜனவரியில் 300 கிலோமீட்டர் ஓட்டியபோது நான் இரண்டு பாட்டிலிலும் அதைத்தான் கலந்துகொண்டு போனேன். பவுடர் பார்த்துக்கொள்ளும் என்று நம்பிச் சாப்பாட்டையும் குறைத்துவிட்டேன். திண்டிவனம் தாண்டியதும் கண்ணைக் கட்டிக்கொண்டு வந்தது, கை நடுங்கியது. ஒரு டீக்கடை பெஞ்சில் சாய்ந்துவிட்டேன். கடைக்கார அம்மா கொடுத்த நாலு வாழைப்பழமும் சர்க்கரை தூக்கலாகப் போட்ட டீயும்தான் என்னை வீடு சேர்த்தன.

அப்புறம்தான் தேடிப் படித்தேன். அந்தப் பவுடருக்குப் பின்னால் இருக்கும் யோசனை உண்மையிலேயே அழகானது. ஆக்ஸ்ஃபோர்டில் எரிக் நியூஸ்ஹோம் என்ற விஞ்ஞானி 1980களில் முன்வைத்தது. நெடுநேரம் மிதித்தால் ரத்தத்தில் கொழுப்பு அமிலம் கூடும். ரத்தத்தில் அல்புமின் புரதத்தோடு ஒட்டியிருந்த டிரிப்டோஃபான் என்ற இன்னொரு அமினோ அமிலத்தை அது தள்ளிவிடும். தனியாக விடுபட்ட டிரிப்டோஃபான் மூளைக்குள் போய் செரட்டோனின் என்ற மூளை ரசாயனமாக மாறும், அசதி வரும். பவுடரில் இருக்கும் லியூசின், ஐசோலியூசின், வாலின் மூன்றும் மூளைக்குள் நுழைவது அதே வாசல் வழியாகத்தான். தசை அவற்றை எரித்துக்கொண்டே போவதால் டிரிப்டோஃபானுக்குப் போட்டி குறைகிறது. அந்த மூன்றையும் குடித்து வாசலை நெருக்கினால் அசதி தள்ளிப்போகும் என்பது கணக்கு.

1995இல் நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட்டில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். நன்றாகப் பயிற்சி பெற்ற 10 பேர், உச்ச சக்தியில் 70 முதல் 75 சதவீதத்தில், இனி முடியாது என்று ஓயும்வரை மிதித்தார்கள். ஒருமுறை வெறும் சர்க்கரைத் தண்ணீர், ஒருமுறை அதில் லிட்டருக்கு 6 கிராம் பிசிஏஏ, ஒருமுறை 18 கிராம், இன்னொருமுறை டிரிப்டோஃபானையே கலந்து கொடுத்தார்கள். நாலு முறையும் ஏறக்குறைய 122 நிமிடம். அசதியை இழுத்து வரவேண்டிய டிரிப்டோஃபானைக் குடித்தபோதும் அதே நேரம்தான்! இந்த வரியை நான் இரண்டு தடவை படித்தேன். நாலு பாட்டிலிலும் பொதுவாக இருந்தது 6 சதவீதம் சர்க்கரை. அன்றைக்கு என்னிடம் இல்லாமல் போனதும் அதுதான்.

மறுநாள் தசைவலி கொஞ்சம் குறையலாம் என்கிறார்கள். அதற்கும் டப்பா தேவையில்லை. நாலு முட்டையில் அந்த மூன்று அமினோ அமிலமும் சேர்ந்து 5 கிராம் இருக்கிறது, கடையில் விற்கும் ஒரு ஸ்கூப் அளவுக்கு. வாரம் முழுக்கப் பருப்பும் முட்டையும் ஒழுங்காகச் சாப்பிட்டால் போதும்.

நீ கவனிக்கவேண்டியது ரைடு அன்றைக்கு மணிக்கு 60 கிராம் மாவுச்சத்து. நடுத்தர வாழைப்பழம் ஒன்றில் சுமார் 25 கிராம்தான் வரும், அதனால் கடலைமிட்டாயும் பையில் இருக்கட்டும். பசிக்கும்வரை காத்திருக்காதே, கிளம்பிய அரைமணியில் வாயில் ஏதாவது போட்டுவிடு. இந்த வெயிலில் வெறும் தண்ணீரை மட்டும் குடிக்காதே, ஒரு பாட்டிலில் உப்புப் போட்ட மோர் வைத்துக்கொள். எதையும் புதிதாக அன்றைக்குச் சாப்பிட்டுப் பார்க்காதே, முந்தைய ஞாயிறு ரைடுகளிலேயே வயிறு பழகட்டும்.

வழியில் வெளியாள் உதவி வாங்கக் கூடாது, கண்ட்ரோலில், அதாவது வழியில் கார்டில் சீல் வைக்கும் சோதனை நிலையத்தில் மட்டும்தான் அனுமதி. அதனால் இரண்டாவது கண்ட்ரோல் எந்த ஊரில் என்று தெரிந்ததும் உடனே எழுது. கார்டில் சீல் வாங்கிவிட்டு நீ திரும்பும்போது தயிர் சாதமும் ஊறுகாயுமாக அங்கே நிற்பேன்.

அன்புடன்,
உன் பழைய கூட்டாளி