கத்திப் பை: புதிய மாணவர்கள் கவனத்திற்கு

அனைவருக்கும் வணக்கம். சமையல் கலை வகுப்பில் புதிதாகச் சேர்ந்தவர்கள் என்னென்ன வாங்க வேண்டும் என்று தொடர்ந்து கேட்பதால் இந்த அறிவிப்பு.

பெரிய கத்தித் தொகுப்பு வேண்டாம். பாதிக் கத்திகள் உறையிலேயே தூங்கும். 20 செ.மீ. அலகுள்ள (வெட்டும் தகடுள்ள) செஃப் கத்தி, 8 முதல் 10 செ.மீ. வரையிலான சிறு கத்தி, ரொட்டி அறுக்கப் பல் வைத்த கத்தி, இவை போதும். செஃப் கத்தியைக் கையில் பிடித்துப் பார்க்காமல் வாங்காதீர்கள். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் அலகில் பிடியை ஒட்டிய பகுதியைப் பற்ற, மற்ற மூன்று விரல்களும் பிடியில் இடறாமல் அமர வேண்டும். தீட்டுகோல் (கத்தியை உரசும் நீண்ட கோல்) மடங்கிய விளிம்பை நிமிர்த்தும், அவ்வளவுதான். மழுங்கிய கத்திக்குச் சாணைக்கல்தான் மருந்து.

டிஜிட்டல் தராசு, தோல்சீவி, ஊசிமுனை வெப்பமானி அவசியம். ஐஸ் கட்டிகள் நிறைந்த தண்ணீரில் வெப்பமானியை வைத்தால் 0 டிகிரி செல்சியஸ் காட்ட வேண்டும், காட்டாவிட்டால் திருத்திக்கொள்ளுங்கள். வெட்டுப்பலகைக்கு அடியில் ஈரத்துணி விரித்தால் வழுக்காது. பூண்டு நசுக்கி போன்ற ஒற்றை வேலைக் கருவிகள் (என் பார்வையில் வெறும் அலங்காரம்) இப்போதைக்கு வேண்டாம்.

எல்லாவற்றிலும் பெயர் ஒட்டுங்கள். உறையில்லாத கத்தியைப் பைக்குள் போடாதீர்கள். சந்தேகமிருந்தால் வாங்கும் முன் படமெடுத்து இங்கே அனுப்புங்கள்.