அனுகூலம் என்று சொல்லிப் பார்

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. கண் அறுவைக்குப் பிறகு, இனிப் படிக்கலாம் என்று டாக்டர் சொன்ன அன்றே எடுத்துப் படித்தேன். மனைவி படித்துக் காட்டுகிறேன் என்றாள். உன் எழுத்தை நானே படிக்க வேண்டும் என்று வைத்திருந்தேன். பார்வை இப்போது நன்றாக இருக்கிறது. முழங்கால் வலியை நீ ஒரே வரியில் முடித்துவிட்டாய். அடுத்த கடிதத்தில் விவரமாக எழுது.

மகளோடு நடந்த சண்டைதான் நான்கு பக்கம். "ஆணாகப் பிறந்ததாலேயே உங்களுக்கு எத்தனையோ சலுகை கிடைத்தது அப்பா" என்று அவள் சொல்ல, "எனக்கு யார் என்ன கொடுத்தார்கள்? பதினெட்டு வயதிலிருந்து உழைக்கிறேன்" என்று நீ எழுந்து போய்விட்டாய். உன் கோபம் எனக்குப் புரிகிறது. இரவு ஷிஃப்ட் பார்த்துக்கொண்டே நீ படித்ததைக் கூட இருந்து பார்த்தவன் நான்.

சலுகை என்ற சொல்தான் இடறுகிறது என்று நினைக்கிறேன். சலுகை என்றால் யாரோ ஒருவர் கொடுக்க வேண்டும், நாம் வாங்கிக்கொள்ள வேண்டும். அப்படி யாரும் உனக்குக் கொடுக்கவில்லை. அதற்குப் பதில் அனுகூலம் என்று சொல்லிப் பார். வடமொழியில் கூலம் என்றால் கரை. கரையை ஒட்டி ஓட்டத்தோடு போவது அனுகூலம், எதிர்த்துப் போவது பிரதிகூலம். ஓட்டத்தோடு போகிறவனும் துடுப்புப் போடத்தான் வேண்டும். அவன் கையும் காய்த்துப் போகும். மகள் உன் கைக் காய்ப்பை மறுக்கவில்லை, ஓட்டம் எந்தப் பக்கம் இருந்தது என்று கேட்கிறாள்.

எனக்கு இது உறைத்தது போன வருடம், அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தபோது. இரவும் பகலும் கூட இருந்தவள் தங்கை. எந்த மாத்திரை எத்தனை மணிக்கு, காய்ச்சல் எப்போது ஏறியது, எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தாள். நான் மாலையில் மட்டும் போவேன். டாக்டர் உள்ளே வந்ததும் என் முகத்தைப் பார்த்துத்தான் கேட்பார். எனக்குப் பதில் தெரியாது, தங்கை சொல்வாள். அடுத்த கேள்வியும் என்னிடமே வரும். ஏழாவது நாளோ எட்டாவது நாளோதான் நான் இதைக் கவனித்தேன். அதுவரை ஒரு வாரம் அது எனக்கு இயல்பாகவே இருந்திருக்கிறது. அதுதான் இன்னும் உறுத்துகிறது. அந்த டாக்டர் நல்ல மனிதர், அம்மாவைக் காப்பாற்றிக் கொடுத்தவர்.

கெட்ட எண்ணம் துளியும் இல்லாமலே இது நடக்கும். கருத்தரிக்கக்கூடிய பெண்களை மருந்துகளின் ஆரம்பகட்டப் பரிசோதனைகளில் சேர்க்க வேண்டாம் என்று 1977-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை வழிகாட்டியது. கருவுக்குக் கெடுதல் வரக் கூடாதே என்ற அக்கறைதான். 1993-இல் அதை விலக்கிக்கொண்டார்கள். சோல்பிடெம் என்ற தூக்க மாத்திரையை உதாரணமாகப் பார். 1992-இல் அங்கே அனுமதி பெற்ற மருந்து. பெண்களின் உடம்பிலிருந்து அது மெதுவாகத்தான் வெளியேறுகிறது, காலையில் வண்டி ஓட்டுவது கூட ஆபத்தாகலாம் என்று, அவர்களுக்கான அளவை 10 மில்லிகிராமிலிருந்து 5 ஆகக் குறைக்கச் சொன்னது 2013-இல். இருபது வருடத்துக்கும் மேல்! இதனால் எந்த ஆணுக்கும் கூடுதலாக எதுவும் கிடைத்துவிடவில்லை. அவன் உடம்புக்கு ஒத்துப்போகிற அளவு கிடைத்தது, அவ்வளவுதான். அதனால்தான் வாங்கியதாகவே நமக்குத் தோன்றுவதில்லை.

சரி, உன் பக்கத்துக்கு வருகிறேன். போருக்குக் கட்டாயமாகப் பிடித்துப் போவதும் சுரங்கத்தில் சாவதும் பெரும்பாலும் ஆண்கள் என்று எழுதியிருக்கிறாய். உண்மை. உலக அளவில் ஆண்களின் தற்கொலை விகிதம் பெண்களுடையதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். இதை மகளிடம் சொல், அவள் கேட்க வேண்டிய விஷயம். ஆனால் இதோடு கணக்கு நேராகிவிட்டது என்கிறாயே, அங்கேதான் என்னால் உன்னோடு வர முடியவில்லை. ஆண் அழக் கூடாது, கஷ்டத்தை வெளியே சொல்லக் கூடாது என்று நம்மை நெருக்கியதும், வீட்டைப் பெண்தான் பார்க்க வேண்டும் என்றதும் ஒரே ஏற்பாடு.

பெக்கி மெக்கின்டாஷ் என்ற அமெரிக்கப் பெண்மணி 1988-இல் ஒரு கட்டுரை எழுதினார். தங்களுக்குள்ள அனுகூலத்தை ஆண்கள் ஒப்புக்கொள்ள மறுப்பதைப் பார்த்தவர், அதே போல் தான் எதை மறுக்கிறோம் என்று தன்னையே கேட்டுக்கொண்டு, வெள்ளைத் தோலால் தனக்குக் கிடைப்பவற்றை 46 வரிகளில் எழுதி வைத்தார். அவற்றில் சில எல்லோருக்கும் பரவ வேண்டியவை, சில ஒழிய வேண்டியவை என்றும் பிரித்தார். இந்தப் பிரிவு எனக்கு மிகவும் உதவியது. இரவில் பயமில்லாமல் நடந்து வீடு திரும்புகிறோமே, அதை நீயும் நானும் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை, அது அவளுக்கும் வர வேண்டும். நேரம் அப்படி இல்லை. வீட்டு வேலை, பிள்ளைகள், நோயாளிகள் என்று சம்பளமில்லாத வேலையில் உலகம் முழுக்கப் பெண்கள் ஒரு நாளில் சராசரியாக 4 மணி 25 நிமிடமும், ஆண்கள் 1 மணி 23 நிமிடமும் செலவிடுகிறார்கள் என்று சர்வதேச தொழிலாளர் அமைப்பு 2018-இல் கணக்குச் சொன்னது. நம்முடைய ஓய்வு இன்னொருவர் நேரத்திலிருந்து வந்தது. நாம் அதைக் குறைத்துக்கொள்ளாமல் அவர்களுக்கு நேரம் கிடைக்காது.

இதைப் படித்தபோதுதான் உன் அக்கா நினைவுக்கு வந்தார். உங்கள் அப்பா தவறியபோது உனக்குப் பதினெட்டு, அக்காவுக்கு இருபது. கல்லூரியை விட்டு நின்றவர் அக்கா. யாரும் கட்டாயப்படுத்தியதாக நினைவில்லை. உட்கார்ந்து பேசி முடிவெடுத்ததாகவும் நினைவில்லை. அவர் நின்றார், நீ போனாய். உன்னைக் குற்றம் சொல்லவில்லை சேகர். நானும் அன்றைக்கு அதை ஒரு விஷயமாகவே நினைக்கவில்லை. எத்தனை தடவை அவர் கையால் சாப்பிட்டிருக்கிறேன்! என்ன ஆக வேண்டும் என்று நினைத்து அந்தப் படிப்பில் சேர்ந்தார் என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

நீ கேட்டிருந்தால் எனக்கு எழுது. இல்லையென்றால் அடுத்த மாதம் நான் வரும்போது இரண்டு பேருமாக அக்காவைப் போய்ப் பார்ப்போம். மகளையும் கூட்டிக்கொண்டு வா.

அன்புடன்,
முரளி