ஸ்ட்ரிக்ட் சுவிட்ச் போட்டும் சி99-க்கு இணங்காத 8051 கம்பைலர்: புகார்

அனுப்புநர்
ஃபர்ம்வேர் பிரிவு, உரிமம் பெற்ற வாடிக்கையாளர்

பெறுநர்
மேலாளர், கம்பைலர் தயாரிப்புப் பிரிவு

பொருள்: தரநிலைப்படி எழுதிய நிரலை மறுப்பதும், தரநிலை மீறலைச் சத்தமில்லாமல் ஏற்பதும் குறித்து.

ஐயா,

8051 என்ற மைக்ரோகன்ட்ரோலர் சிப்புக்கான உங்கள் சி கம்பைலரை (சி நிரலைச் சிப்பின் இயந்திர மொழிக்கு மாற்றும் மென்பொருள்) வாங்க நாங்கள் முடிவெடுத்ததே, தயாரிப்புக் குறிப்பில் "சி99 தரநிலைக்கு முழுமையாக இணங்குவது" என்று அச்சிட்டிருந்ததால்தான்; சி99 என்பது சி மொழியின் 1999-ஆம் ஆண்டுத் தரநிலை. எங்கள் நிரல், கணினியில் வேறு இரண்டு கம்பைலர்களில் ஒரு வார்னிங்கூட இல்லாமல் கம்பைல் ஆகிறது. உங்களுடையதில் தரநிலையை மட்டும் பின்பற்றச் சொல்லும் ஸ்ட்ரிக்ட் சுவிட்சைப் போட்ட பிறகும் உடைகிறது.

தரநிலையில் இல்லாத நீட்டிப்புகளே கூடாது என்பது எங்கள் வாதம் அல்ல. 8051-இல் நேரடி முகவரியால் எட்டக்கூடிய உள் ரேம் 128 பைட்தான். வெளி ரேம் 64 கேபி வரை, நிரல் நினைவகம் தனியாக 64 கேபி வரை. 20 என்ற ஒரே முகவரி மூன்று வெவ்வேறு இடங்களைக் குறிக்கலாம். எந்த வேரியபிள் எங்கே இருக்க வேண்டும் என்று சொல்ல சி99-இல் வழியில்லை. ஆகவே டேட்டா, எக்ஸ்டேட்டா, கோட், பிட் போன்ற கீவேர்டுகள் (கம்பைலர் தனிப்பொருள் தந்து வைத்திருக்கும் சொற்கள்) தேவைதான். தரநிலையின் 4-ஆம் பிரிவும் நீட்டிப்புகளை அனுமதிக்கிறது, ஒரு நிபந்தனையோடு: தரநிலையைக் கறாராகப் பின்பற்றும் நிரலின் நடத்தையை அவை மாற்றக் கூடாது.

அங்கேதான் உங்கள் கம்பைலர் தவறுகிறது. 'இன்ட் டேட்டா = 5;' என்ற ஒற்றை வரிக்கு, டேட்டா உங்கள் கீவேர்டு என்பதால், சின்டாக்ஸ் எர்ரர் (இலக்கணப் பிழை) வருகிறது. டேட்டா என்பது எந்த நிரலாளரும் சாதாரணமாக வைக்கும் பெயர். கம்பைலர் தனக்கென்று எடுத்துக்கொள்ள தரநிலையின் 7.1.3 பிரிவு ஒதுக்கியிருக்கும் பெயர்கள் வேறு: இரண்டு அடிக்கோட்டில் தொடங்குபவை, அல்லது அடிக்கோடும் பெரிய எழுத்துமாகத் தொடங்குபவை. எஸ்டிசிசி என்ற திறந்த மூலக் கம்பைலர் இதே சிப்புக்கு __டேட்டா, __கோட் என்று அடிக்கோடு சேர்த்துத்தான் வைத்திருக்கிறது. இலவசமாகக் கிடைப்பதில் இருக்கும் ஒழுங்கு, விலைக்கு வாங்கியதில் இல்லை.

ஹெடர்களிலும் இதே கதை. உங்கள் எஸ்டிடிலிப் ஹெடர் (நிரலில் சேர்க்கும் அறிவிப்பு ஃபைல்) மின், மேக்ஸ் (சிறியது, பெரியது) ஆகியவற்றை மேக்ரோவாக, அதாவது கம்பைலுக்கு முன் வேறு வரியாக மாற்றப்படும் பெயராக, வரையறுக்கிறது. அதைச் சேர்த்த ஃபைலில் நாங்கள் 'இன்ட் மின்(இன்ட் ஏ, இன்ட் பி)' என்று ஃபங்ஷன் எழுதினால், மேக்ரோ விரிந்து அந்தத் தலைப்பு வரியே சிதைகிறது. எர்ரர் செய்தியோ எங்கள் ஃபைலைக் காட்டுகிறது, ஹெடரைக் காட்டுவதில்லை.

எதிர்த் திசையிலும் குறை உண்டு. எந்த வகைத் தரவு என்று சொல்லாத முகவரியான வாய்ட் பாயிண்டரோடு 4-ஐக் கூட்டினாலும், அளவு [0] என்று அரே அறிவித்தாலும், உங்கள் கம்பைலர் வாய் திறப்பதில்லை. இரண்டும் தரநிலையின் கட்டுப்பாடுகளை மீறுபவை. குறைந்தது ஒரு செய்தியாவது தர வேண்டும் என்பது 5.1.1.3. ஏற்றுக்கொண்டு கம்பைல் செய்யுங்கள், ஆனால் வார்னிங் கொடுங்கள். இல்லையென்றால் வேறு கம்பைலருக்கு மாறும் நாளில்தான் தவறு தெரியவரும்.

எல்லாவற்றிலும் கடுமையானது ரிகர்ஷன், அதாவது ஒரு ஃபங்ஷன் தன்னையே அழைப்பது. 8051-இன் ஸ்டாக் (ஒவ்வொரு அழைப்பின் தற்காலிக மதிப்புகளையும் அடுக்கும் இடம்) உள் ரேமில் மட்டுமே இருக்க முடியும் என்பதால், ஃபங்ஷனுக்குள் மட்டும் பயன்படும் லோக்கல் வேரியபிள்களை நீங்கள் நிலையான முகவரிகளில் வைக்கிறீர்கள். இடம் மிச்சமாகிறது, வேகமும் கூடுகிறது; இயல்பான முறையில் அது சரியான முடிவே. ஆனால் தன்னையே அழைக்கும் ஃபங்ஷனில் உள் அழைப்பு, வெளி அழைப்பின் மதிப்பை அழித்து எழுதிவிடுகிறது. ரிகர்ஷனில் எழுதிய ஃபேக்டோரியலுக்கு 5-ஐக் கொடுத்தால் 120 வர வேண்டும்; ஸ்ட்ரிக்ட் சுவிட்சோடு 1 வருகிறது. எர்ரர் இல்லை, வார்னிங் இல்லை. ரிகர்ஷன் அனுமதிக்கப்பட வேண்டும் என்று 6.5.2.2 வெளிப்படையாகச் சொல்கிறது. ரீஎன்ட்ரன்ட் என்ற உங்கள் கீவேர்டைச் சேர்த்தால் சரியாகிறது என்று உங்கள் உதவிப் பிரிவு பதில் அனுப்பியது. அந்தக் கீவேர்டைச் சேர்த்த நிரல் தரநிலையை மட்டும் பின்பற்றும் வேறு கம்பைலரில் ஏறாது என்பதை அந்தப் பதில் கணக்கில் எடுக்கவில்லை.

ஸ்ட்ரிக்ட் சுவிட்சில் அடிக்கோடு சேர்ந்த கீவேர்டுகள் மட்டுமே இயங்க வேண்டும்; பழைய பெயர்கள் இயல்பான முறையில் இருந்துவிட்டுப் போகட்டும். மின், மேக்ஸ் இரண்டையும் தனி ஹெடருக்கு மாற்றுங்கள். எந்த ஃபங்ஷன் எதை அழைக்கிறது என்ற அழைப்பு வரைபடத்தை லிங்கர் (கம்பைல் ஆன துண்டுகளை இணைக்கும் கருவி) ஏற்கெனவே கட்டுகிறது. அதில் சுழற்சி தென்பட்டால் ஸ்ட்ரிக்ட் முறையில் அந்த ஃபங்ஷன்களின் லோக்கல்களை ஸ்டாக்கில் வைக்கச் செய்யுங்கள். அது வரும்வரை எர்ரர் கொடுத்து நிறுத்தினால்கூடப் போதும், தவறான விடை மட்டும் வெளியே வரக் கூடாது.

ஒவ்வொரு குறைக்கும் பத்து வரிக்கு மிகாத சோதனை நிரலும், கம்பைலர் வெளியீடும் இணைத்துள்ளோம். 30 நாட்களுக்குள் திருத்தத்துக்கான தேதியை எழுத்தில் தெரிவிக்கவும். திருத்த இயலாதெனில் குறிப்பிலுள்ள இணக்க வாசகத்தை நீக்கி, உரிமத் தொகையை முழுமையாகத் திருப்பித் தருமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
ஃபர்ம்வேர் பிரிவு

இணைப்பு: சோதனை நிரல்கள் 5, கம்பைலர் வெளியீடுகள் 5