முழங்காலையும் கேளுங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கணுக்கால் காயத்துக்குக் குருத்தெலும்பு ஒட்டும் அறுவை சிகிச்சை பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். அதே ஆபரேஷனைச் செய்துகொண்டவள் நான். கணுக்காலில் என்ன செய்வார்கள் என்று விளக்கமாகவே எழுதியிருந்தீர்கள். ஒட்டும் துண்டை எங்கிருந்து எடுக்கிறார்கள் என்பதற்கு மட்டும் ஒரே வரி: ‘முழங்காலில் பாரம் தாங்காத பகுதியிலிருந்து’. எனக்கும் ஆபரேஷனுக்கு முன்னால் இந்த ஒரு வரியைத்தான் சொன்னார்கள்.

கால் பிசகியதை வெறும் சுளுக்கு என்று நினைத்து ஓராண்டு ஓட்டிவிட்டேன். உள்ளே குருத்தெலும்பு பெயர்ந்திருந்தது ஸ்கேனில்தான் தெரிந்தது. குருத்தெலும்புக்கு ரத்த ஓட்டம் கிடையாது, பழையபடி தானாக வளராது. அதனால் தொடை எலும்பின் கீழ்முனை ஓரத்தில், பென்சிலைவிடச் சற்றுப் பருமனாக, எலும்போடு சேர்த்துக் குடைந்தெடுத்துக் கணுக்காலில் பொருத்தினார்கள். சிகிச்சையைக் குறை சொல்லவில்லை. கணுக்கால் இன்று நன்றாக இருக்கிறது.

ஆனால் முழங்கால்? ஆறு மாதம் கழித்து, மகளுக்கு ஷூ லேஸ் கட்ட மண்டியிட்டேன். முட்டிச் சில்லுக்குப் பக்கத்தில் சுருக்கென்று குத்தியது. அவள் தோளைப் பிடித்துத்தான் எழுந்தேன். மாடிப்படி இறங்கும்போது சில்லின் மேல் உள்ளங்கையை வைத்தால், மணல் அரைபடுவதுபோல் நறநறவென்று கைக்குத் தெரியும். அதுவரை ஒருமுறைகூட அடிபடாத முழங்கால் அது!

நேராக நிற்கும்போது அந்த ஓரம் பாரம் தாங்காமல் இருக்கலாம். காலை மடக்கினால் முட்டிச் சில்லு அந்தப் பக்கமும் அழுந்தித்தான் நகர்கிறது. குடைந்த பள்ளம் நாளடைவில் நிரம்பும், சரி. நிரம்புவது பழைய வழுவழுப்பான குருத்தெலும்பு அல்ல, நார் மிகுந்த வேறொரு திசு. பலருக்கு இதனால் தொல்லை வருவதில்லை. எத்தனை பேருக்கு வருகிறது என்பது ஆய்வுக்கு ஆய்வு மாறுகிறது: சிலவற்றில் நூற்றுக்கு ஐந்து பேர், சிலவற்றில் இருபதை ஒட்டி.

இந்த வித்தியாசத்துக்கு ஒரு காரணம், கேட்டால்தானே தெரியும் என்பதுதான் என்று நினைக்கிறேன். ஒவ்வொரு முறை போகும்போதும் கணுக்கால் வலிக்கு மதிப்பெண் போடச் சொல்லி ஒரு தாள் தந்தார்கள். அதில் முழங்காலுக்கு ஒரு கட்டம்கூட இல்லை. நானாகச் சொன்னபோது, “போகப் போகச் சரியாகிவிடும்” என்றார்கள். அப்புறம் ஒரு பிசியோதெரபிஸ்ட் தொடைத் தசைக்குப் பயிற்சி சொல்லித்தந்தார். இப்போது எவ்வளவோ தேவலை. அதை முதலிலேயே தொடங்கியிருக்கலாமே என்ற ஆதங்கம் மட்டும் போகவில்லை.

ஒரு எலும்பு மருத்துவரிடம் முழங்காலைப் பற்றி மட்டும் தனியாகக் கேட்டு வெளியிடுங்கள். எத்தனை துண்டு, எவ்வளவு அகலம், எந்த ஓரத்திலிருந்து எடுப்பார்கள், தானமாகக் கிடைக்கும் எலும்பைப் பயன்படுத்த முடியுமா என்பதெல்லாம் அதில் வரட்டும். தரையில் டைல்ஸ் பதிப்பவர் நாள் முழுக்க மண்டியிட்டுத்தான் வேலை செய்கிறார். ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் அவர் இதைப் படித்திருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் வாசகி